விரதக்காரர் இருவர்

வாழையிலையை ஈரத்துணியால் துடைக்கும்போது நரம்பின் போக்கிலேயே துடைக்க வேண்டும். எதிர்த்துத் துடைத்தால் கிழிந்துவிடும். கமலாம்பிகை தன் மணவாழ்க்கையையும் அப்படித்தான் துடைத்துத் துடைத்து இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். கிழியவில்லை. கைதான் ஓய்ந்துவிட்டது.

டோர்ட்மண்ட் நகரின் வடபுறத்தில், தோழி சுசிலாவதியின் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள் அவள். பெயரைக் கேட்டு யாழ்ப்பாணத்துப் பெண் என்று எண்ணிவிட வேண்டாம். சுசிலாவதி இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் பிறந்தவள். தொழுகை தவறாத முஸ்லிம். ஜெர்மன்காரர் ஒருவரை மணந்து வந்து, அவரை அடக்கம் செய்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவள். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக்கூடத்தில் இருவரும் ஒரே மேசையில் நின்று போர்வை மடிப்பவர்கள். இடையிடையே சனிக்கிழமைகளில் வேற்று நாட்டவரை வீட்டுக்கு அழைத்து, தன் ஊர்ச் சமையலையும் வீட்டு வழக்கங்களையும் காட்டிக்கொடுப்பது சுசிலாவதியின் ஆசை. இன்றும் அப்படியொரு விருந்து. ஆனால் இன்றைய விருந்தாளிகளுள் கமலாம்பிகையின் கணவர் கனகலிங்கம் இருந்தார். கண்டாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சரளாவும் இருந்தாள்.

கனகலிங்கத்துக்கு ஒரு கலை கைவந்திருந்தது. "அந்தப் பகுதி ஆக்கள்" என்று குரலைத் தாழ்த்தி அவர் குறிப்பிடும் வீடுகளில், கை நனைக்காமல் திரும்பிவரும் கலை. பிறந்தநாள் வீடா, "இப்பத்தான் சாப்பிட்டிட்டு வாறன்." செத்த வீடா, "வயிறு சரியில்லை." தப்பவே வழியில்லையா, மூடி திறக்காத சோடா ஒன்று. எதுவும் பலிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது விரதம். அகதியாய் வந்த புதிதில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் நின்று, ஊரும் பேரும் தெரியாத எத்தனையோ பேரின் எச்சில் தட்டுகளைக் கழுவிய கைதான் அது. அப்போது அந்தக் கையில் தீட்டு ஒட்டவில்லை. கடல் கடந்த கை, கடவுச்சீட்டை மாற்றிக்கொண்ட கை, தன் மொழி பேசும் ஒருத்தி நீட்டும் தேநீர்க் கோப்பையின் முன்னால் மட்டும் கூசிச் சுருங்கியது. இதற்குப் பெயர் மானமாம்! அந்த மானத்துக்கு ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று, "ஓம், அவருக்கு இண்டைக்கு விரதம்" என்று சாட்சி சொன்னவள் கமலாம்பிகை.

இப்போது மகள் நிருஷா, அந்தச் சரளாவின் மகன் சுகிர்தனைத்தான் மணப்பேன் என்று நிற்கிறாள். பதிவுத் திருமணத்துக்கு டெர்மின் எடுத்து நாளும் குறித்தாயிற்று. போன கிழமை அவள் தாயிடம் சொன்ன சொல் இன்னும் காதில் கிடந்து உறுத்துகிறது.

"அப்பா சரளா மாமியோட ஒரு நேரம் ஒண்டா இருந்து சாப்பிடட்டும், அம்மா. வேற ஒண்டும் நான் கேக்கேல்லை. இல்லையெண்டால் நீங்கள் ரெண்டு பேரும் கலியாணத்துக்கு வரவேண்டாம். நானும் இஞ்சை வரமாட்டன்."

கனகலிங்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "அவையின்ர வீட்டில நான் கை நனைக்கமாட்டன். என்ர வீட்டுக்கும் அவை வரக்கூடாது. பொது இடமெண்டால் பாப்பம்."

பொது இடம் என்றதும் கமலாம்பிகைக்குச் சுசிலாவதியின் வீடு நினைவுக்கு வந்தது. அவரும் இசைந்தார். அந்நியர் வீடு, ஆளுக்கொரு தட்டு, மேசையின் எதிரெதிர் மூலை, ஒப்புக்கு இரண்டு வாய் என்று அவர் கணக்கிட்டிருப்பார். இந்த வீட்டில் தட்டே கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. மேற்கு ஜாவாவில் சுற்றமும் நட்பும் கூடினால், வாழையிலைகளைக் கூடத்தின் நீளத்துக்குத் தரையில் ஒன்றோடொன்று செருகி விரித்து, சோற்றை அணைபோல நீளமாகக் குவித்து, கறிகளை அதன் இருமருங்கும் பரப்பி, எல்லாரும் அந்த ஒரே இலையில் கைவைத்து உண்பார்கள். கமலாம்பிகைக்கு அது தெரியும். அவள் சொல்லவில்லை.

மாலையில் விருந்தாளிகள் வந்தார்கள். முதலில் ஓய்வுபெற்ற ஜெர்மன் தம்பதி ஒன்று. பின் சுகிர்தனும் அவன் தாய் சரளாவும். சப்பாத்தைக் கழற்றும்போதே, "எனக்கு இண்டைக்குப் புரட்டாதிச் சனி விரதம். மரக்கறியெண்டால் காணும்" என்று சரளா வாசலில் சொன்னதும், சுகிர்தன் அதை ஜெர்மனில் எடுத்துச் சொன்னதும், சுசிலாவதி மகிழ்ந்து அவளை வரவேற்றதும் சமையலறை வரை கேட்டது. கடைசியாக நிருஷா தகப்பனை அழைத்துக்கொண்டு வந்தாள்.

கூடத்துக்குள் கால்வைத்த கனகலிங்கம் இலையைப் பார்த்தார். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை பார்த்தார். பிறகு சமையலறை வாசலில் நின்ற மனைவியின் பக்கம் சாய்ந்தார்.

"பிளேட்டுகள் எங்கை?"

"பிளேட் இல்லை. எல்லாரும் இந்த இலையிலதான்."

"எல்லாரும் எண்டால்?"

"எல்லாரும் எண்டால் எல்லாரும்தான்."

"உனக்கு முதலே தெரியுமோ?"

"இலை வாங்கிக்கொண்டு வந்ததே நான்தான்."

அதற்குள் சுசிலாவதி ஜெர்மன் மொழியில் தன் வீட்டு வழக்கங்களைச் சொல்லத் தொடங்கியிருந்தாள். "இடக்கையால் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. யாரையும் ஆள்காட்டி விரலால் சுட்டமாட்டோம், இப்படிப் பெருவிரலால்தான். வீட்டுக்காரி 'சிலாக்கான்' என்று சொல்லும்வரை உணவில் யாரும் கை வைப்பதில்லை." ஜெர்மன் தம்பதி பெருவிரலை நீட்டி ஒருவரையொருவர் காட்டிப் பழகிச் சிரித்தார்கள்.

கனகலிங்கம் தொண்டையைச் செருமினார். "மன்னிக்க வேண்டும் அம்மா. எங்கள் சமயத்தில் இன்று விரத நாள். நான் உண்ணக் கூடாது." சொல்லிவிட்டு வழக்கம்போல மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கமலாம்பிகை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுசிலாவதியின் முகம் மலர்ந்துபோயிற்று. "விரதமா! எதுவரை?"

இத்தனை காலத்தில் எவரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. "பொழுதுபடும்வரை" என்றார், வாயில் வந்ததை. பரப்பிய சோற்றைப் பார்த்து, இப்போதே உண்ணத் தொடங்கிவிடுவார்கள், பொழுதுபடுமுன் கிளம்பிவிடலாம் என்று எண்ணியிருப்பார் போலும்.

"நானும் அப்படித்தான்! இது எங்கள் நோன்பு மாதம். அதனால்தானே விருந்தைப் பொழுதுபடும் நேரத்துக்கு வைத்தேன்!" சுசிலாவதிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இந்த வீட்டில் இன்று நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். வாசலில் இந்த அம்மா தானும் விரதம் என்றார். இப்போது நீங்கள்! நோன்பிருந்தவரை உண்ணவைப்பது எங்களுக்குப் பெரிய பேறு. வாருங்கள், தலைப்பக்கம் உங்கள் இருவருக்கும்தான். நீங்கள் கை வைத்த பிறகுதான் நாங்கள்." பெருவிரலை மடக்காமல் இலையின் தலைமாட்டைக் காட்டினாள். அங்கே சரளா ஏற்கெனவே சம்மணமிட்டு அமர்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது.

சுகிர்தன் இதழைக் கடித்துக்கொண்டான். நிருஷா சிரிக்கவில்லை. ஜெர்மன்காரர் கனகலிங்கத்தை ஒரு துறவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கனகலிங்கம் போய் அமர்ந்தார்.

"கும்பிடுறன் அண்ணை," என்றாள் சரளா. "ஊரில உங்கட ஐயா எங்கட வளவுப் பக்கம் வந்தால் சோடாப் போத்தல் மட்டும்தான் குடிப்பார். நீங்கள் விரதம். பரம்பரையாவே உங்களுக்கு வயிறு சரியில்லைப் போல."

"சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லை."

"நான் பேக்கரியில வேலை. உங்கட தொழிற்சாலைக் கன்டீனுக்கு விடியப்புறம் வாற பாண் எங்கட இடத்துப் பாண்தான். உருட்டி அடுக்குறது நான். இவ்வளவு நாளும் செமிச்சுதுதானே?"

கனகலிங்கம் யன்னலைப் பார்த்தார். காலையிலிருந்து அவருக்கு ஒரு தேநீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. மனைவி வேலை முடிந்து நேரே இங்கே வந்துவிட்டாள். அவருக்கோ ஒரு முட்டை அவிக்கவும் தெரியாது. சொன்ன பொய் அவரையறியாமல் வயிற்றுக்குள் உண்மையாகிக்கொண்டிருந்தது.

வெளியே வானம் சாம்பல் பூத்து மங்கியது. சுசிலாவதி பள்ளிவாசல் நாட்காட்டியையும் கடிகாரத்தையும் பார்த்தாள். வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். பிறகு வலக்கையால் சரளாவுக்கு ஒரு பேரீச்சம்பழமும் கனகலிங்கத்துக்கு ஒரு பேரீச்சம்பழமும் கொடுத்தாள். வாழைப்பழமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தேங்காய்ப்பாலிலும் பனைவெல்லத்திலும் வெந்து குழைந்த கோலாக்கைக் கிண்ணங்களில் வார்த்து வைத்தாள். "முதலில் இனிப்பு. நான் தொழுதுவிட்டு வருகிறேன். பிறகு நீங்கள் இருவரும் சோற்றில் கை வையுங்கள்." அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

சரளா கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். கனகலிங்கம் பேரீச்சம்பழத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு மனைவியை அருகே அழைத்தார்.

"இஞ்சேர். எனக்குச் சுகர் குளிசை போடவேணும், உடன வீட்ட போகவேணும் எண்டு அந்த மனிசி வந்தோடனை சொல்லு."

கமலாம்பிகைக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். விடியலில் மடித்த போர்வைகள், பகலில் திருகிய தேங்காய், அதற்கும் முன்னால் ஒவ்வொரு வாசலிலும் இவருக்காகச் சொல்லிக் குவித்த பொய்கள் எல்லாம் சேர்ந்து தோளில் அழுத்தின. எத்தனை வீட்டுப் பெண்கள், "ஒரு வாய் தேத்தண்ணி எண்டாலும்" என்று கேட்டு, இவள் முகத்தைப் பார்த்து, உண்மையைப் புரிந்துகொண்டு, கோப்பையைத் திருப்பி எடுத்துச் சென்றிருக்கிறார்கள்!

"நீங்களே சொல்லுங்கோ. எனக்கு ஏலாது."

"என்ன ஏலாது?"

"இனி ஏலாது. அவ்வளவுதான்."

"அப்பா," என்றாள் நிருஷா இலையின் மறுமுனையிலிருந்து. "ஒரு வாய். ஒரே ஒரு வாய்."

கனகலிங்கம் எழுந்தார். "நான் காருக்குள்ள இருக்கிறன்" என்று யாருக்கும் சொல்லாததுபோலச் சொன்னார். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அதை அடித்துச் சாத்துவதற்கும் அவருக்குத் துணிவில்லை. நிருஷா மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரளா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அழாதை பிள்ளை. எனக்கு அந்த முதுகு பழகின முதுகு."

தொழுகை முடித்து வந்த சுசிலாவதி காலியிடத்தைப் பார்த்துத் திகைத்தாள். "விரதக்காரர் எங்கே?"

எல்லாருடைய கண்களும் கமலாம்பிகையின் மேல் விழுந்தன. தமிழில் அவள் ஒருநாளும் சொல்லாததை, சொல்லத் துணியாததை, அந்நிய மொழியின் எளிய சொற்களில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"அவர் விரதம் இல்லை. இந்த அம்மா பிறந்த சாதியாரோடு அவர் உண்ணமாட்டார். என்றைக்கும் உண்டதில்லை. நான் அதை மறைத்து வந்தேன்."

ஜெர்மன் தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுசிலாவதி எதையோ கேட்க வாயெடுத்து, தோழியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"இங்கே நான் இருக்கலாமா?" என்று கமலாம்பிகை தலைமாட்டின் காலியிடத்தைக் காட்டினாள். "நானும் விரதம் இல்லை."

"பசிக்கிறதா?"

"பசி தெரியவில்லை. களைப்பாக இருக்கிறது."

"அது போதும். இரு."

சரளா சற்று நகர்ந்து இடம் கொடுத்தாள். "இருங்கோ அக்கா. சம்மணம் போட ஏலாட்டி காலை நீட்டுங்கோ. ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

"சிலாக்கான்" என்றாள் சுசிலாவதி.

இருவரும் சோற்றில் கை வைத்தார்கள். பிறகு எல்லாக் கைகளும் வந்தன. தேங்காய்ப்பூப் போட்டுப் பிசறிய கீரை நம்முடைய வறைபோலவே இருந்தது. தேங்காய்ப்பாலில் வெந்த மரக்கறிக் குழம்பு சொதிக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. புளிக்கவைத்த சோயாவைப் பொரித்த தெம்பேதான் பழகாத ருசி. சரளா சம்பலைத் தன் பக்கமிருந்து இவள் பக்கம் ஒதுக்கிவிட்டு, "உறைப்பு, பாத்து" என்றாள். வேறு பெரிய பேச்சு எதுவும் நடக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கமலாம்பிகை நினைத்தாள். எங்கிருந்து தொடங்குவது? எந்த வீட்டு வாசலிலிருந்து? சரளாவும் அதை எதிர்பார்ப்பதாகத் தெரியவில்லை. அவள் பகல் முழுதும் பட்டினி கிடந்தவள். அள்ளி அள்ளி உண்டாள்.

நிருஷா எழுந்து வந்து தாயின் தோளோடு ஒட்டி அமர்ந்தாள். "டெர்மினுக்கு நீங்கள் வருவியளோ?"

"வாறன்."

"அப்பா?"

"அது அப்பான்ர பாடு. நான் வாறன்."

புறப்படும்போது சுசிலாவதி இலையின் தலைமாட்டில் மிஞ்சியிருந்த சோற்றையும் கறியையும் அள்ளி, ஒரு துண்டு வாழையிலையில் பொதிந்து நீட்டினாள். "என் வீட்டுக்கு வந்தவர் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. என்ன மனிதராக இருந்தாலும்."

நிருஷா சுகிர்தனோடும் சரளாவோடும் கிளம்பிவிட்டாள். கமலாம்பிகை காரின் கதவைத் திறந்தாள். கண்ணாடிகள் மூச்சில் பனித்திருந்தன. சாம்பல் தட்டில் பேரீச்சங்கொட்டை ஒன்று கிடந்தது.

"என்ன அது?"

"சோறு." பொதியை அவர் மடியில் வைத்தாள். முன்பென்றால், தனியாக எடுத்து வைத்தது, அடுப்படியிலிருந்து நேரே வந்தது என்று ஏதாவது சொல்லியிருப்பாள். "இலையின்ர தலைப்பக்கம் அள்ளினது. சரளா சாப்பிட்ட இடம். நானும் அதிலதான் சாப்பிட்டன்."

அவர் பொதியைத் தொடாமல் கைகளை விலக்கிக்கொண்டார்.

"வீட்டில ஒண்டும் இல்லை. நான் இண்டைக்கு இனிச் சமைக்கமாட்டன்." இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

தெருவில் சில கார்கள் கடந்து போயின. பிறகு இலை பிரியும் சத்தம் கேட்டது. யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அவர் உண்ணத் தொடங்கியிருந்தார். அது மனமாற்றம் அல்ல, பசி என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு விடிந்தால் அதே குரல், அதே தாழ்ந்த சொற்கள். அவளுக்கு வென்றதாகவும் தோன்றவில்லை. கால்கள் வலித்தன.

"இதை ஆருக்கும் சொல்லிப்போடாதை," என்றார் அவர், வாய் நிறைந்த சோற்றோடு.

"ஆரும் கேட்டால் சொல்லுவன்."

மெல்லும் சத்தம் சற்று நின்றது. பிறகு மீண்டும் தொடங்கியது.