லேபிள் இல்லாத போத்தல்

காலைத் தேத்தண்ணீருக்கு முன்னர் அப்பாவின் விரலில் குத்தி, இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்ப்பது ஜெனிற்றாவின் வேலை.

"நூற்றிருவது, அப்பா."

"பிறகென்ன. மூத்தவன் கொண்டுவந்த சாமான் பிழையாக் காட்டுமே?" என்றார் சந்தியோகு. சொல்லிவிட்டு மூன்றாம் முறையும் தண்ணீர் கேட்டார்.

இரத்தத் துளி வைத்து மெசினில் செருகும் அந்த ஸ்ட்ரிப்புகளைப் பாரிசிலிருந்து கொண்டுவந்தவன் அண்ணன் லெனாட். குருநகர்க் கோயில் திருநாளுக்கு வந்தபோது சூட்கேஸ் நிறை கூடிவிடும் என்று பெட்டிகளையும் குப்பிகளையும் அங்கேயே எறிந்துவிட்டான். சினேகிதர் வீடுகளில் மிஞ்சிக் கிடந்த அதே வகை ஸ்ட்ரிப்புகளையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரு கோப்பிப் போத்தலுக்குள் கொட்டியிருந்தான். வெளிநாட்டுச் சூட்கேஸ் திறந்தால் ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டுக்கும் பங்கு உண்டு. சொக்லேற்றோடு ஒரு பிடி ஸ்ட்ரிப்பும் பக்கத்து வீட்டில் சீனி வருத்தத்தோடு இருந்த அருமைநாயகிக்குப் போனது. ஆசையாகக் கொண்டுவந்தவனிடம் முடிவுத் திகதி கேட்க ஜெனிற்றாவுக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் சந்தியோகு எழும்ப முடியாமல் கிடந்தார். மெசின் நூற்று முப்பது என்றது. வெயில் களைப்பாக இருக்கும் என்று ஜெனிற்றா இரண்டு நாள் பொறுத்தாள். அந்த இரண்டு நாளை நினைத்துத்தான் அவள் இன்றைக்கும் அழுகிறாள்.

ஆஸ்பத்திரியில் சோதித்தபோது சீனி அறுநூற்றைத் தாண்டியிருந்தது. தாதி றஜிதா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முடிவுத் திகதி எங்கை? தொகுதி இலக்கம்?"

"பெட்டியோடை எறிஞ்சாச்சு, மிஸ்."

"காத்துப் பட்டாலே உது பிழையாக் காட்டும். எது பழசு, எது புதுசு எண்டு இனி ஆருக்குத் தெரியும்?"

மூன்றாம் நாள் சந்தியோகு போய்விட்டார்.

அடக்கத்துக்கு வந்த லெனாட்டிடம் ஜெனிற்றா ஸ்ட்ரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஏற்கெனவே உடைந்துபோயிருந்தான். ஆனால் அருமைநாயகியின் ஞாபகம் அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. அடுத்த நாள் காலையே அங்கு போனாள்.

"அக்கா, அண்ணை தந்த ஸ்ட்ரிப்பைத் தாங்கோ."

"தந்ததை ஏன் பிள்ளை திருப்பிக் கேக்கிறாய்? அதிலை பாத்துத்தானே நான் ஊசி போடுறன்."

"அது வேண்டாம், அக்கா."

"காரணத்தைச் சொல்லன்."

ஜெனிற்றா திரும்பிப் பார்த்தாள். அவளைத் தேடி வந்த லெனாட் வேலிப் படலையடியில் நின்றான். சொன்னால் அண்ணன் தாங்கமாட்டான். சொல்லாவிட்டால் அருமைநாயகி நாளைக்கும் அதையே நம்பி ஊசி போடுவாள்.

"அது பிழையாக் காட்டினதாலைதான் அப்பா செத்தவர்," என்றாள்.

லெனாட் படலையைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டான். பிறகு அவன் எழுந்து வந்து, அருமைநாயகியிடம் கையை நீட்டினான்.

"குடுங்கோ, அக்கா. பெட்டியைக் குப்பையெண்டு நினைச்சன். அதிலை இருந்த திகதியும் இலக்கமும்தான் அப்பான்ரை உயிருக்குக் காவல் எண்டு தெரியேல்லை. பேரும் திகதியும் இல்லாத மருத்துவச் சாமானை இனி ஆர் தந்தாலும் வாங்காதேங்கோ. நான் தந்தாலும் வாங்காதேங்கோ."