பின்பலகை

முதல் லாரி நிரம்பிப் போய்விட்டது. இரண்டாவது நிரம்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது லாரியின் பின்பலகையை ஹெட்டி கார்சைட் இறக்கி வைத்திருந்தாள். பாராசூட் கிடங்கின் வாசலில் இன்னும் இரண்டு விமானங்களுக்கான ஆட்கள் நின்றிருந்தார்கள். சிகரெட் பிடித்தார்கள். ஒருவன் பூட்ஸைக் கழற்றி, உள்ளே எதுவும் இல்லாதபோதும் கவிழ்த்துத் தட்டி, மறுபடி மாட்டிக்கொண்டான். யாரும் அவளுடைய லாரியைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவர்கள் படும் சிரமம் அவளுக்குத் தெரிந்தது. முதல் லாரி காலியாகத் திரும்பி வந்ததும் எல்லோரும் அதில் ஏறிக்கொண்டார்கள். ஹெட்டி பின்பலகையைத் தூக்கிக் கொக்கியை மாட்டினாள்.

கோடையிலிருந்து இப்படித்தான். இப்போது இலையுதிர் காலம், வயல்களில் பீட்ரூட் அறுவடை தொடங்கிவிட்டது.

போர்க்காலத்தில் பெண்களையும் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்த்த புதிதில், மோட்டார் பிரிவு சார்ஜென்ட் ஒரே ஒரு கவலையைத்தான் சொன்னார். "பொம்பளைங்க கைல குடுத்தா கியர் பாக்ஸ் மூணு மாசம் தாங்காது." தாங்கியது. ஹாலிஃபாக்ஸில் கம்பளி ஆலையில் தறி ஓட்டியவளுக்கு லாரி பெரிய விஷயமாக இல்லை. குண்டுவீச்சு விமானங்கள் ஓடுபாதையைச் சுற்றித் தனித்தனி சிமெண்ட் திட்டுகளில் நின்றன. சாயங்காலம் அவற்றுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட வேண்டும். ஜெர்மனிக்குப் போய்விட்டு விடியும்போது வருபவர்களைத் திரும்பக் கூட்டிவர வேண்டும். வராதவர்களைப் பற்றி முகாமில் ஒரே ஒரு சொல்தான் உண்டு. "வரல." அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

முதலில் லோர்ன் வரவில்லை. கனடாக்காரன். அவனும் ஹெட்டியும் லிங்கன் நகரத்தில் ஏழெட்டுப் படங்கள் சேர்ந்து பார்த்திருந்தார்கள். அடுத்த வசந்தத்தில் லீட்ஸிலிருந்து வந்த ஒருவன். கிராமத்துத் தேநீர்க் கடைவரை சைக்கிளில் சேர்ந்து போனதுதான், அவனும் வரவில்லை. மூன்றாவது ஆளோடு ஒரு சனிக்கிழமை ஒரு பாட்டுக்கு ஆடினாள். திங்கட்கிழமை அவனும் வரவில்லை. அதன்பின் ஹெட்டியை யாரும் ஆடக் கூப்பிடவில்லை. அப்புறம் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அப்புறம் லாரி.

ராசி கெட்டவள் என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. அவர்கள் நல்லவர்கள். எதிரில் வந்தால் தலையசைத்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி, கெட்டது அண்டாமலிருக்க மரத்தைத் தொட்டுக்கொள்வார்கள்.

"சம்பளம் மட்டும் ஆம்பளைக்கு மூணு பங்குன்னா நமக்கு ரெண்டு பங்கு. பழி மட்டும் முழுசா" என்றாள் பெரில். பாராசூட் மடிப்பவள், பெண்கள் தங்கும் கொட்டகையில் பக்கத்துக் கட்டில்காரி. சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். ஆனால் பெரிலும் நடனத்துக்குப் போகும்போது இப்போதெல்லாம் மற்றப் பெண்களோடுதான் கிளம்பினாள்.

அக்டோபரில் ஒரு புதுக்குழு வந்தது. ஏழு பேர். எந்த லாரி என்று தெரியாமல் நேராக ஹெட்டியின் லாரிக்கு வந்து மூட்டைகளை வீசி ஏறிக்கொண்டார்கள். வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மூட்டைகளைத் தாறுமாறாக வீசியதில், பின்னால் ஆறு பேருக்குத்தான் சௌகரியமாக இடம் கிடைத்தது. ஏழாமவன், வால்பக்கத் துப்பாக்கிக்காரன், முன்கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஹல் நகரத்து மீன் சந்தையில் வேலை பார்த்தவன். பெயர் வில்ஃப்.

"எப்பவும் நான்தான் கடைசி. பிளேன்லயும் வால்ல ஒக்காத்தி வச்சிருக்கானுங்க. எல்லாரும் போற எடத்தப் பாப்பானுங்க, நான் மட்டும் வந்த எடத்தப் பாத்துக்கிட்டே போவேன்" என்றான். பறப்பதற்கு முன் கொடுக்கும் பார்லி மிட்டாயில் ஒன்றை அவளிடம் நீட்டினான்.

அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். முதல் தடவை எதைச் செய்துவிட்டுத் திரும்பி வந்தார்களோ அதையே மறுபடியும் செய்ய வேண்டும். அது எல்லாக் குழுவுக்கும் சட்டம். அதனால் அடுத்த முறையும் ஹெட்டியின் லாரி. வில்ஃப் முன்னால். ஒரு மிட்டாய். ரேடியோக்காரன் டூலன் ஏறும் முன் இடது சக்கரத்தை ஒரு உதை உதைப்பான். மறுபடி வந்தார்கள். மறுபடியும். விடியலில் களைத்த ஏழு முகங்கள் பின்பலகையில் கைவைத்து ஏறும்போது, லாரி ஒவ்வொருவர் எடைக்கும் கொஞ்சம் தாழ்வதை அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி உணர்ந்தாள்.

"சொல்லிடு. இல்லன்னா வேற எவனாவது சொல்லுவான்" என்றாள் பெரில்.

"சொன்னா ஏற மாட்டாங்க."

பெரில் காலுறையில் அடுத்த தையலைப் போட்டாள்.

நவம்பரில் பெண்கள் பிரிவு அதிகாரி லாம்பர்ட் அவளைக் கூப்பிட்டனுப்பினார். வேல்ஸில் ஒரு கிடங்குக்கு மாற்றல். அங்கே விமானங்கள் கிடையாது. போர்வைகளும் அடுப்புகளும் ஏற்றிப் போகிற வேலை.

"இது தண்டனை இல்ல, கார்சைட். உன் மேல ஒரு தப்பும் இல்லன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப எதுக்கு மேடம்?"

லாம்பர்ட் ஜன்னலைப் பார்த்தார். "பசங்களுக்கு மனசு ஒரு நிலையில இருக்கணும். உனக்கும் அங்க நிம்மதியா இருக்கும். யோசிச்சு நாளைக்கு டீக்கு அப்புறம் வந்து சொல்லு. வேணாம்னா நான் வற்புறுத்த மாட்டேன்."

வேண்டாம் என்று சொல்லக் காரணமாக ஹெட்டியிடம் அந்த ஏழு பேர் இருந்தார்கள். அதை அவள் அங்கே சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஏழு பேரும் கிடங்கிலிருந்து வந்தார்கள். லாரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டார்கள். டூலன் சக்கரத்தை உதைக்கவில்லை. விமானி மில்வார்ட் மட்டும் கதவருகே வந்தான்.

"ஹெட்டி, ஒரு விஷயம்."

"நேத்து பப்ல யாரோ சொல்லிட்டாங்களா, ஸ்கிப்பர்?"

மில்வார்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். டூலன்தான் பேசினான். "மூணு பேராமே."

"மூணாவது ஆளோட குடும்பப் பேருகூட எனக்குத் தெரியாது."

"அது இன்னும் மோசம். பேரு தெரியாதவனுக்கே அந்தக் கதின்னா, எங்க பேரெல்லாம் உனக்கு நல்லாவே தெரியுமே."

"டேய், இத்தன தடவ இதுலதான போனோம்? வரலியா?" என்றான் வில்ஃப்.

"தெரியாம போறது வேற. தெரிஞ்சு போறது வேற."

"பழக்கத்த மாத்தறது மட்டும் நல்லதா? போன மாசம் பக்கத்துக் குழு ஹார்ட்லி, ராசிக்கு வச்சிருந்த கரடி பொம்மைய மறந்துட்டு..." வில்ஃப் முடிக்கவில்லை.

தூரத்தில் ஏதோ ஒரு எஞ்சினைச் சோதித்துப் பார்க்கும் சத்தம் ஏறி இறங்கியது. மில்வார்டுக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே நாற்பது வயசுக்காரனின் தோல்.

"ஏறினாலும் ஆகாது, ஏறலன்னாலும் ஆகாது. நீயே சொல்லு ஹெட்டி. என்ன பண்ணலாம்?"

அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஏழு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். இந்த முகாமில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. ஏறுங்கள் என்று சொல்லி அவர்கள் வரவில்லையென்றால். ஏறாதீர்கள் என்றால், மற்றவர்கள் வாய்க்குள்ளேயே வைத்திருந்த சொல்லை அவளே சொன்னதாக ஆகும். அவர்களுடைய விமானம் பீட்ரூட் வயலுக்கு அப்பால், கடைசித் திட்டில் நின்றது.

"மூட்டைய எல்லாம் பின்னால போடுங்க. நீங்க நடங்க. நான் பின்னாடியே வரேன்."

டூலன் அதை நீதிபதி மாதிரி யோசித்தான். "லாரியும் வருது. நாம ஏறவும் இல்ல." பிறகு இடது சக்கரத்தை உதைத்தான்.

அவர்கள் நடந்தார்கள். தடித்த உடையில், முழங்கால் மடங்காமல், ஓடுபாதையைச் சுற்றிய சாலையில் ஒருவர் பின் ஒருவராக. ஹெட்டி முதல் கியரில் பின்தொடர்ந்தாள். பாராசூட் மூட்டைகள் பின்னால் உருண்டன. இன்னொரு லாரி அவர்களைத் தாண்டிப் போனது. அதிலிருந்து ஒருவன் கத்தினான்.

"யாருப்பா செத்தது?"

யாரும் சிரிக்கவில்லை. கத்தியவனும் சிரிக்கவில்லை. லாரி வளைவில் மறையும்வரை அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான்.

வயல் பாதி கடந்ததும் வில்ஃப் வரிசையிலிருந்து விலகி நின்றான். லாரி பக்கத்தில் வந்ததும் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். மூச்சு வாங்கினான். மற்ற ஆறு பேரைவிட அவன் போட்டிருந்த துணி அதிகம். வாலில் குளிர் அதிகம்.

"வில்ஃப்!" என்றான் டூலன், திரும்பி நின்று.

"நீ நட. எனக்கு வேர்த்தா மேல போயி அப்படியே ஒறஞ்சிரும். நீயா வந்து சொரண்டுவ?"

டூலன் அவனையே பார்த்தபடி நின்றான். பிறகு நடந்தான்.

"எறங்கிக்க, வில்ஃப்" என்றாள் ஹெட்டி.

"ஏன்?"

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்." அவன் கையுறையைக் கழற்றி மிட்டாயைத் தேடினான். "ஆனா உன்னப் பாத்து இல்ல."

இரண்டு மிட்டாய் கொடுத்தான். எப்போதும் ஒன்றுதான். அவள் ஒன்றைத் திருப்பி நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவள் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

விமானத்தின் அடியில் மெக்கானிக் ஹிக்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஆறு பேர் நடந்தும் ஒருவன் வண்டியிலும் வருவதைப் பார்த்தார். "என்னய்யா கூத்து இது" என்றார். மூட்டைகளை எடுத்துக்கொண்டார்கள். மில்வார்ட் ஏணியில் கால்வைத்துத் திரும்பி, அவளைப் பார்த்துவிட்டு ஏறினான்.

எஞ்சின்கள் நான்கும் பிடித்தன. பக்கத்து வயலின் பீட்ரூட் இலைகளெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. விமானம் மெதுவாகத் திரும்பி, தன் முறைக்காகச் சாலையில் நகர்ந்தது. ஓடுபாதையின் ஓரத்தில் கையசைக்க நிற்கும் பெண்களின் கூட்டம் இங்கிருந்து சிறியதாகத் தெரிந்தது. கோடைக்குப் பின் ஹெட்டி அங்கே போனதில்லை. விமானம் ஓடி, கனத்து, எழும்பியபோது வால் கண்ணாடிக்கூண்டு அவள் நின்ற பக்கம் பார்த்திருந்தது. உள்ளே முகம் தெரியவில்லை. துப்பாக்கிகள் மட்டும் ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தன. சோதித்துப் பார்ப்பதற்காகவும் அப்படிச் செய்வார்கள். அவள் கை சட்டைப் பைக்குள் இரண்டாவது மிட்டாயைப் பிடித்திருந்தது.

சத்தம் போன பிறகு இலைகள் நிமிர்ந்தன. திட்டில் எண்ணெய்க் கறை மட்டும் மிச்சம் இருந்தது. அந்தப் பக்கம், பதில் சொல்ல அவள் போக வேண்டிய லாம்பர்டின் அலுவலகத்தில் இருட்டடிப்புத் திரையை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஹிக்ஸ் சைக்கிளை எடுத்தார். "போயி டீ குடி, கண்ணு. விடியறதுக்குள்ள வர மாட்டாங்க."

"தெரியும்."

"அப்புறம்?"

அவள் லாரியில் ஏறினாள். முகாம் பக்கம் போகவில்லை. வண்டியை ஒடித்துத் திருப்பி, பின்னால் நகர்த்தி, பின்பக்கம் காலித் திட்டைப் பார்க்கும்படி நிறுத்தினாள். ஹிக்ஸ் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி பார்த்துக்கொண்டிருந்தார்; பிறகு மிதித்துப் போய்விட்டார். ஹெட்டி இறங்கி வந்து கொக்கிகளைக் கழற்றினாள். பின்பலகையை இறக்கினாள். ஏறுபடியைச் சரி செய்தாள். பலகையின் இரண்டு சங்கிலிகளும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தன.