ஒத்தை டிக்

"இது ஒண்ணா ரெண்டா, பாத்துச் சொல்லு" என்று போனை நீட்டினேன். டீ வடிகட்டிக்கொண்டிருந்த இப்ராஹிம், ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான். "ஒண்ணுதாண்ணே" என்றான். நேற்றும் அதைத்தான் சொன்னான். முந்தாநாளும் அதேதான். ஒரு டிக் விழுந்தால் இங்கேயிருந்து கிளம்பிவிட்டது என்று அர்த்தமாம், ரெண்டு விழுந்தால் அங்கே போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமாம். என் மகன் கிளாட்சனுக்கு ஒன்பது நாளாக நான் பேசிப் பேசி அனுப்பியதெல்லாம் நடுவில் எங்கேயோ நிற்கிறது. கடல் மேலேயா, வானத்திலேயா, எவன் கண்டான். எனக்குக் கண்ணில் புரை. சில நேரம் ஒரு டிக்கே ரெண்டாகத் தெரிந்து, வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். அடுத்த நிமிடமே கண்ணைக் கசக்கினால் மறுபடி ஒண்ணு. அதனால்தான் எவனையாவது கேட்க வேண்டியிருக்கிறது.

நான் போய் உட்கார்ந்ததும் பெஞ்சில் பேச்சு நின்றுபோனது. அமிர்தலிங்கம் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கத்தை அவன் படித்து முடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். ரெண்டு வாரத்துக்கு முன்னால் இதே பெஞ்சில் எனக்கும் அவனுக்கும் விழுந்த வாய்ச்சண்டையில்தான் இவ்வளவும் ஆரம்பித்தது. இன்றைக்கு அவன் ஒரு வார்த்தை ஏசினால்கூட எனக்குத் தேவலை.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவன். நீடாமங்கலத்துக்கு மேற்கே ஆறு மூணாகப் பிரிகிற தலைப்பில் முப்பத்தொரு வருசம் லஸ்கர் வேலை. லஸ்கர் என்றால் பெரிய வேலை ஒன்றும் இல்லை, அதிகாரி சொல்கிற அளவுக்கு மதகு ஷட்டரை ஏற்றி இறக்குகிற வேலை. ராடைச் சுற்றிச் சுற்றி என் விரல் ரேகையெல்லாம் தேய்ந்து போய்விட்டது. ரேஷன் கடையில் ரேகை வைக்கிற மிஷின் வந்ததிலிருந்து என்னை அது ஆள் என்றே ஒத்துக்கொள்வதில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்க வேண்டாம் மாமா, நான் போறேன்" என்று மருமகள் ஜெனிட்டா போய் வாங்கி வருவாள். என் கையையே நம்பாத மிஷினை நான் எதற்கு நம்ப வேண்டும்? இந்த நாட்டில் டிவி கொடுத்தார்கள், மிக்சி கொடுத்தார்கள், தண்ணீரைத் தவிர எல்லாம் கொடுத்தார்கள். அந்த டிவி மேலே இப்போது கோழி அடைகிறது. போனும் அப்படித்தான் ஒருநாள் ஆகும் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் கிளாட்சன் ரெண்டு வருசத்துக்கு முன்னால் வெளிநாட்டுக்குக் கம்பி கட்டுகிற வேலைக்குப் போனபோது, தன் பழைய போனை என் கையில் வைத்துவிட்டுப் போனான். மைக் படம் போட்ட இடத்தை அமுக்கிப் பேச வேண்டும், முக்கோணத்தைத் தொட்டால் அவன் பேசியது கேட்கும். ரெண்டே ரெண்டு காரியம். எழுத்தெல்லாம் இங்கிலீஷ், எனக்கு வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்றைக்கு ஜெனிட்டாவோடு முகம் பார்த்துப் பேசுவான். எனக்குத் தனியாகக் குரலில் அனுப்புவான். நான் அதை இப்ராஹிம் கடைக்குக் கொண்டுபோய்ச் சத்தமாக வைத்துக் கேட்பேன். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வந்த பேச்சை வீட்டுக்குள் மூலையில் உட்கார்ந்து தனியாகக் கேட்பவனை, என்னமோ மறைக்கிறான் என்றுதான் சொல்வார்கள்.

வேலை நாளில் ராத்திரி வந்த அந்த ஒரு பேச்சை மட்டும் நான் கடைக்குக் கொண்டுபோகவில்லை. நாலு நாள் வரைக்கும்.

அஞ்சாம் நாள் அமிர்தலிங்கம் ஆரம்பித்தான். கட்சிக்காரன், வாயை மூடினால் தூங்கிவிடுவான். "இங்கதான்யா ஆட்சி கெட்டுப்போச்சு. அங்கல்லாம் சட்டம்னா சட்டம். கோடையில மத்தியானம் வெயில்ல ஆளை நிறுத்தி வேலை வாங்கக்கூடாதுன்னு அந்த ஊர்ல சட்டமே இருக்கு. இந்தா பாரு, நெட்டுல போட்டிருக்கான்."

"நெட்டுல போட்டா உண்மையாயிருமா?"

"உனக்குத்தான் எதையும் நம்பத் தெரியாதே சகாயம். உன் பையன் அங்க ஏசில உக்காந்து பிரியாணி திங்கிறான். நீ இங்க உக்காந்து உலகத்தையே குத்தம் சொல்லிகிட்டிரு."

பிரியாணி என்று சொன்னான் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஏறிவிட்டது. போனை எடுத்தேன். சத்தத்தை முழுசாக வைத்தேன். முக்கோணத்தைத் தொட்டேன்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா. ஜெனிட்டாகிட்ட சொல்லிறாதீங்க, பயந்துரும். இன்னைக்கு எங்க சைட்டுல ஒரு பீகார் பையன் செத்துட்டான்ப்பா. ஒரு மணி வெயில்ல மேல நின்னுகிட்டு இருந்தான், அப்படியே சரிஞ்சுட்டான். நான்தான் தூக்குனேன். ஒடம்பு கொதிக்குதுப்பா, அடுப்புலேருந்து எறக்குன மாதிரி. கம்பெனில ஹார்ட் அட்டாக்னு எழுதி எங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்க. நானும் போட்டுட்டேன். யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. இதை யாருக்கும் போட்டுக் காட்டாதீங்கப்பா."

அமிர்தலிங்கம் டீ கிளாசைக் கீழே வைத்தான். நான் ஜெயித்துவிட்டேன். அந்த நிமிடம் எனக்கு இருந்தது சந்தோசம்தான், பொய் சொல்ல மாட்டேன். செத்த பையனும் நினைவில்லை, என் பையனும் நினைவில்லை. அமிர்தலிங்கத்தின் மூஞ்சி ஒன்றுதான் கண்ணில் நின்றது.

பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்த நெடுமாறன்தான் முதலில் பேசினான். இஞ்சினியரிங் படித்துவிட்டு நீடாமங்கலம் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். யூடியூப்பில் சேனலும் வைத்திருக்கிறான். தூர் வாராத வாய்க்கால், குழி விழுந்த ரோடு என்று படம் பிடித்துப் போடுவான். கெட்ட பையன் இல்லை. "பெரியப்பா, இதைக் குடுங்க. டிவிக்காரனுக்கு மொதலாளி இருக்கான், போட மாட்டான். எனக்கு எவன் மொதலாளி? நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் நாளைக்கு இன்னொரு பையன் சாக மாட்டான்."

"எடுத்துக்க" என்றேன். என் கையாலேயே கொடுத்தேன். அவன் என்னிடமிருந்து பிடுங்கவில்லை, இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூணு நாளில் அது எங்கெங்கோ போய்விட்டது. பேர் போடவில்லை, ஊர் போடவில்லை என்றான் நெடுமாறன். குரலை என்ன செய்தான்? குரல் அப்படியே இருந்தது. வீடியோவின் ஆரம்பத்திலேயே, ஜனங்கள் நின்று கேட்க வேண்டும் என்பதற்காக, கடைசி வரியை வெட்டி முன்னால் ஒட்டியிருந்தான். சிவப்பு எழுத்தில் அதையே பெரிதாகவும் போட்டிருந்தான். இதை யாருக்கும் போட்டுக் காட்டாதீங்கப்பா.

ஜெனிட்டாவுக்கு அதை அனுப்பியது திருக்கடையூரில் இருக்கிற அவள் அக்கா. ஜெனிட்டா கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கேட்டாள். மறுபடி ஒருதரம் கேட்டாள். பிறகு நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து நின்றாள். "எங்கிட்ட சொல்லாததை உங்ககிட்ட சொல்லியிருக்காரு மாமா" என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். சோறு போடுகிறாள், வென்னீர் வைத்துக் கொடுக்கிறாள், பேச்சு மட்டும் அன்றோடு சரி.

அடுத்த வெள்ளிக்கிழமை கிளாட்சன் கூப்பிடவில்லை. அவனோடு ஒரே ரூமில் இருக்கிற வீரையன், திருப்பனந்தாள் பையன், யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டான். ஜெனிட்டா எடுத்தாள், கேட்டுக்கொண்டே நின்றாள், பிறகு போனை என் பக்கம் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"பெரியப்பா, வீரையன் பேசுறேன். கிளாட்சனை ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க, அங்கேருந்து வேற எங்கயோ கூட்டிட்டுப் போயிட்டாங்க. போனையும் வாங்கிட்டாங்க. எங்க இருக்கான்னு சொல்ல மாட்டேங்குறாங்க."

"அடிப்பாங்களா தம்பி?"

"இந்த ஊர்ல கம்பெனியைப் பத்தித் தப்பா நெட்டுல போட்டா ஜெயில், பெரியப்பா. வருசக் கணக்காக்கூட போடலாங்குறாங்க. நீங்க அந்த வீடியோவ எடுக்கச் சொல்லுங்க மொதல்ல."

நீடாமங்கலத்துக்கு ஓடினேன். அறுபத்தெட்டு வயசில் ஓட்டம் என்ன ஓட்டம், பஸ்ஸைக்கூட எதிர்பார்க்காமல் நடந்தே போனேன். நெடுமாறன் முகம் செத்துப்போயிருந்தது. அவனுக்கும் விசயம் வந்திருந்தது. "நான் காலையிலேயே எடுத்துட்டேன் பெரியப்பா. ஆனா காப்பி எடுத்து வச்சவங்க அவங்கவங்க பேர்ல போட்டுட்டாங்க. கேரளாவுல ஒருத்தன் போட்டிருக்கான், சிலோன்ல ஒருத்தன் போட்டிருக்கான்."

நான் ஷட்டர் இறக்கியவன். இறக்கிவிட்ட பிறகும், ஏற்கெனவே தாண்டிப் போன தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் கடைசி வயலில் போய் அது நின்றாக வேண்டும். "இது எங்க போய் நிக்கும்?" என்று கேட்டேன்.

"நிக்காது பெரியப்பா" என்றான். பிறகு ஜெராக்ஸ் மிஷின் மேலே தலையை வைத்துக்கொண்டான். நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று எனக்குப் பாடம் சொன்ன பையன். அவன் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேசியவன் எங்கே நின்று பேசினான் என்பதை நாங்கள் ரெண்டு பேருமே பார்க்கவில்லை.

ஆறாம் நாள் வீரையன் மறுபடி கூப்பிட்டான். ஆபீசில் ஒரு நல்ல மனுசன் வழி சொல்லியிருக்கிறாராம். அந்தக் குரல் என் மகன் குரல் இல்லை என்று பெத்த அப்பனே வீடியோவில் சொல்ல வேண்டும். அதை அவர் மேலிடத்தில் காட்டிப் பார்ப்பார். உறுதி ஒன்றும் கிடையாது. "இன்னொண்ணு பெரியப்பா. அந்த ஒரிஜினல் உங்க போன்ல இருக்கக் கூடாது. உங்க வாயைப் பத்தி கிளாட்சன் சொல்லியிருக்கான். நாளைக்கு எவனாவது சீண்டுனா நீங்க எடுத்துப் போட்டுருவீங்க."

நேற்று நெடுமாறன் எங்கள் வீட்டுக்கே வந்து படம் பிடித்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். மாதா படம் பின்னால் விழ வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது, நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். "என் பேரு சகாயநாதன். நெட்டுல சுத்துற அந்தக் குரல்..." அதற்கு மேல் வரவில்லை.

"கேமராவைப் பாருங்க பெரியப்பா. இன்னொருதரம்."

ரெண்டாவது தடவை பேரைச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். மூணாவது தடவை, "என் மகன் குரல்" என்று சொல்லி நிறுத்திவிட்டேன். அவன் போனை இறக்கிவிட்டான். ஊரில் எவன் முகத்துக்கு நேராகவும் எதையும் சொல்லிவிடுகிறவன் என்று எனக்குப் பேர். சப்-கலெக்டரிடம் தண்ணீர்க் கணக்கு பொய் என்று சொல்லி மெமோ வாங்கியவன். அதில் எனக்கு ஒரு திமிர்கூட உண்டு. கதவோரம் ஜெனிட்டா நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில், அவரும்தானே பொய்க் கையெழுத்துப் போட்டார் என்று இருந்தது. ஏழாவது தடவை சொல்லிவிட்டேன். அது என் மகன் குரல் இல்லை. என் மகன் நல்லா இருக்கான். கம்பெனி நல்ல கம்பெனி.

இன்று காலை வரைக்கும் நெடுமாறன் சேனலில் அதை நாற்பத்தொரு பேர் பார்த்திருக்கிறார்களாம். கீழே ஒருத்தன் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கெழவன் பொய் சொல்றான்.

இப்ராஹிம் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். ஜெனிட்டா முற்றத்தில் புழுங்கல் அரிசியைச் சுளகில் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அழிச்சிட்டீங்களா?" என்றாள். பன்னிரண்டு நாளில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"இல்ல. எப்படின்னு தெரியல."

சுளகைத் தள்ளி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பேச்சின் மேலே விரலை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை, முக்கோணத்தைத் தொட்டாலும் பல நேரம் அப்படித்தான். மறுபடி பிடித்தேன். காய்ந்துபோன விரல், போனுக்கு என் விரல் இருப்பதே தெரியவில்லை. "நீ அழிச்சிரேம்மா" என்று நீட்டினேன். அவள் கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீங்கதான் செய்யணும் மாமா."

எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். என் விரலை அதில் முக்கி எடுத்து, முந்தானையால் ஒற்றிவிட்டாள், ஈரம் முழுக்கப் போய்விடாமல். பிறகு, "ஒருதரம் போடுங்க" என்றாள்.

முக்கோணத்தைத் தொட்டேன். இந்தத் தடவை உடனே கேட்டது. நல்லா இருக்கீங்களா என்றான். பீகார் பையன் என்றான். ஒடம்பு கொதிக்குதுப்பா என்றான். ஜெனிட்டா கண்ணை மூடிக்கொண்டாள். யாருக்கும் போட்டுக் காட்டாதீங்கப்பா என்று அவன் முடித்த பிறகு நான் நிறுத்தப் போனேன், அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் மூணு செகண்டு இருந்தது. அன்றைக்குக் கடையில் நெடுமாறன் பேச ஆரம்பித்துவிட்டதால் அது யார் காதிலும் விழவில்லை. நானும் எத்தனையோ தடவை கேட்டவன், வார்த்தை முடிந்ததும் விட்டுவிடுவேன். கிளாட்சன் பேசவில்லை. ஆனால் போனை அவன் வைக்கவும் இல்லை. அவன் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால், அந்த ரூமில், யாரோ அரிசி களைகிற சத்தம். ஒரு கை பாத்திரத்தைச் சுற்றி ஒருதரம் போய்வந்தது, தண்ணீரைச் சாய்த்து ஊற்றியது.

"இன்னொருதரம்" என்றாள்.

விரல் காய்ந்திருந்தது. செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.