லிட்டருக்கு இருபத்திரண்டு

அறந்தாங்கி கிளினிக்கில் நர்ஸம்மா ரத்தம் எடுத்த சிறு குப்பிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். அது முடிய எப்படியும் கால்மணி நேரம் ஆகும். ஷீபா வெளியே வந்து காரின் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். முன்சக்கரம் இரண்டும் இளஞ்சூடாக இருந்தன. வலது பின்சக்கரம் அதைவிடக் குறைவு. இடது பின்சக்கரத்தின் நடுவில் விரலை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி அதன்மேல் தெளித்தாள். சுர்ரென்று ஆவி பறந்தது.

"மாட்டிக்கிட்டியா!" என்றாள்.

பக்கத்தில் கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்தவர், தன்னைத்தான் சொல்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தார். ஷீபாவுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோட்டைப்பட்டினத்தில் அவள் வீட்டு வாசலில்தான் கார் ராத்திரி நிற்கும். உப்புக் காற்றில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்தினால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? இத்தனை நாளும் ஒரு காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது வண்டி. அது பெட்ரோலைக் குடிக்காமல் மோரையா குடிக்கும்?

புதுக்கோட்டையில் இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு அவள் டிரைவர். காலையில் கோட்டைப்பட்டினத்தில் தொடங்கி, ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி, அறந்தாங்கி என்று சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுத்து வைத்திருக்கும் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொண்டு போய் மதியத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். சாயங்காலம் ரிப்போர்ட்டுகளோடு திரும்ப வேண்டும். போக வர நூற்றெழுபது கிலோமீட்டர். லேபில் மொத்தம் ஐந்து கார்கள். எல்லாமே சின்ன வெள்ளைக் கார்கள், எல்லாமே பத்து வயதைத் தாண்டியவை.

மூன்று நாளைக்கு முன்பு மேனேஜர் ரகுநாத் அவளைக் கூப்பிட்டு, "ஷீபா, ஒங்க வண்டி லிட்டருக்குப் பதிமூணுதான் தருது. மாசக் கடைசிக்குள்ள பதினேழு வரலைன்னா அந்த ரூட்ட ரெண்டு பைக்குக்குக் குடுத்துரச் சொல்லிட்டாங்க," என்றார். கார் நின்றால் டிரைவரும் நிற்க வேண்டியதுதான் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லாமலே விளங்கியது.

மீன்பிடித் தடைக்காலம். அவள் கணவன் பிராங்க்ளின் வேலை பார்க்கும் விசைப்படகு கரையில் சும்மா கிடந்தது. இரண்டு மாதத்துக்கு வீட்டில் அடுப்பெரிவது அவள் சம்பளத்தில்தான். ஆனால் ஷீபாவைக் குத்தியது அது மட்டுமல்ல. பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுச் சும்மா இருந்தவள், இருபத்தொன்பது வயதில் லைசென்ஸ் எடுத்து, மூன்று வருடமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டிவரும் வண்டி அது. அதைப் போய் உதவாக்கரை என்று சொன்னால் கோபம் வராதா?

"ஒரு மாசம் குடுங்க சார். பதினேழு என்ன, இருபதே காட்டுறேன்," என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

சொன்ன பிறகுதான், காரின் முன்பெட்டியில் பத்து வருடமாகப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்த கையேட்டை எடுத்துப் பிரித்தாள்.

அன்று மதியம் லேபில் பெட்டியை இறக்கியதும் நேரே முத்துராமனின் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டாள். லேபின் ஐந்து கார்களையும் பார்ப்பவர் அவர்தான். பிரேக்கைக் கழற்றித் துருவைச் சுரண்டி, ஸ்பிரிங் மாற்றிப் போட்டார். சமதளத்தில் நியூட்ரலில் விட்டு ஒரு விரலால் தள்ளினாள் ஷீபா. கார் சொன்ன பேச்சுக் கேட்டு உருண்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னொண்ணும் இருக்குண்ணே. சூடு காட்டுற முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்குது. அறுபது கிலோமீட்டர் ஓடுனாலும் கீழயே படுத்துக் கெடக்கு."

"படுக்கட்டும்மா, நல்லதுதானே. உள்ள ஒரு வால்வு இருந்துச்சு. வாங்குன வருசமே கழட்டிப் போட்டாச்சு. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு? எங்கிட்ட வாற எல்லா வண்டிக்கும் கழட்டிருவேன்," என்று பெருமையாகச் சொன்னார் முத்துராமன்.

"கழட்டிப்புட்டுப் பெருமை வேறயா! அந்த வால்வு இருந்தாத்தாண்ணே எஞ்சின் சீக்கிரம் சூடாகும். சூடாகாட்டி, இன்னும் காலைக் குளிருன்னு நெனச்சுக்கிட்டுப் பெட்ரோல அள்ளி அள்ளிக் குடிக்கும். அடுப்பு காயாம தோசை ஊத்துனா எப்புடி இருக்கும்?"

முத்துராமன் தலையைச் சொறிந்தார். இருபது வருடத்தில் எத்தனை வால்வுகளைக் கழற்றி எறிந்தோம் என்று கணக்குப் பார்த்திருப்பார் போல. "வெயில்ல வண்டி கொதிச்சா என்னையச் சொல்லக் கூடாது," என்று முனகிக்கொண்டே புது வால்வை வாங்கிவரச் சொல்லி மாட்டினார். வண்டி கொதிக்கவில்லை. முள் பாதியில் வந்து ஒழுங்காக நின்றது.

காற்று வடிகட்டியைக் கழற்றித் தரையில் தட்டினால் ஒரு கைப்பிடிச் செம்மண் விழுந்தது. டயர்களில் இருக்க வேண்டிய காற்றில் முக்கால்வாசிதான் இருந்தது. பிளக்குகள் கரி பிடித்துக் கிடந்தன. ஷீபா எதையும் விடவில்லை. டிக்கியில் யாரோ எப்போதோ போட்டுவைத்த இரும்புச் சாமான்களை இறக்கினாள். கணக்குத் தப்பாமல் இருக்க ஒரே பங்க், ஒரே பம்ப், டேங்க் நிறைந்து தானாக நிற்கும்வரை பெட்ரோல். ஓடிய கிலோமீட்டரைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள். பதிமூன்று பதினைந்தானது. பதினைந்து பதினெட்டானது.

பொன்னமராவதிப் பக்கம் ஓட்டும் பழனிச்சாமி அவள் கையிலிருந்த எண்ணை எட்டிப் பார்த்தார். ஐந்து டிரைவர்களில் மூத்தவர், ஐம்பத்தைந்து வயது. "நான் திருச்சியில காந்தம் வாங்கிப் பெட்ரோல் பைப்புல கட்டிருக்கேன் தங்கச்சி. இருபது வரும்னான்."

"வந்துச்சாண்ணே?"

"ரெண்டு ஆணிதான் வந்து ஒட்டுச்சு."

மிச்சம் இருந்தது கூரைமேல் நின்ற போர்டு. லேபின் பெயரை எழுதி, கட்டிலைக் கவிழ்த்தது போல் ஒரு விளம்பரப் பலகையை எல்லாக் காரிலும் நிறுத்தியிருந்தார்கள். ஐம்பதைத் தாண்டினால் காற்று அதில் மோதி ஹோ என்று இரையும். ஷீபா ரகுநாத்திடம் போய் நின்றாள்.

"அத எடுத்தா வெளம்பரம் போயிருமேம்மா?"

"காத்தோட மல்லுக்கட்டுறதுக்குப் பெட்ரோல் போகுது சார். பின் கண்ணாடியில ஸ்டிக்கரா ஒட்டிருங்க. பின்னால வர்றவன் நல்லாப் படிப்பான்."

நல்ல யோசனை என்றார் ரகுநாத். போர்டு இறங்கியது. மறுநாள் மணமேல்குடி சாலையில் கார் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அந்தச் சாலை நீளமானது, மேடு பள்ளம் இல்லாதது. டாப் கியரில் ஐம்பத்தைந்தில் பிடித்தால் அப்படியே வைத்திருக்கலாம். எந்த ஊரில் வேகத்தடை, எந்த வளைவில் ஆடு மேயும் என்று அவளுக்கு மனப்பாடம். தூரத்திலேயே காலை எடுத்துவிடுவாள், பிரேக்குக்கு வேலையே இருக்காது. ஒரு மீன் வண்டிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனான். போகட்டும், அவன் பெட்ரோல் அவன் பாடு.

மாதக் கடைசியில் இருபத்திரண்டு புள்ளி மூன்று வந்தது.

லேபின் ஹாலில் எல்லோரையும் கூட்டி, ஷீபாவுக்குப் பொன்னாடை போர்த்தினார் ரகுநாத். போட்டோ எடுத்தார்கள். அவள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். கல்லூரியில் பட்டம் வாங்கிய அன்றுகூட இத்தனை சந்தோஷம் இருந்ததில்லை. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது பிரேக், வால்வு, காற்று, போர்டு என்று ஒன்று விடாமல் சொன்னாள். மறைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? பழனிச்சாமிதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டினார். கடற்கரை ரூட்டுக்குக் கார்தான் என்று அன்றைக்கே முடிவானது.

நான்கு நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்து கார்களுக்கும் லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் என்ற கணக்கில்தான் பெட்ரோல் சீட்டு. கூடுதலாகத் தேவைப்படுவதை டிரைவர் தன் கையிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து குறைந்தால் ரூட் பைக்குக்குப் போகும்.

ஷீபா அதை இரண்டு முறை படித்தாள். பக்கத்தில் நின்ற பழனிச்சாமி சட்டைப் பையிலிருந்த பணத்தை எடுத்து எண்ணிப் பார்த்துக்கொண்டார். அது அவளை இன்னும் சங்கடப்படுத்தியது.

"வண்டிய ஞாயித்துக்கெழம முத்துராமண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டாங்கண்ணே. நான் வாரேன். பாத்துருவோம்," என்றாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்தார்கள். வால்வு, வடிகட்டி, பிரேக், பிளக், போர்டு, காற்று எல்லாம். காந்தத்தையும் கழற்றியாயிற்று. பன்னிரண்டில் இருந்த கார் பதினாறரைக்கு வந்தது. அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை. ஒரு நாள் லீவு போட்டு அவரோடு ரூட்டில் போய்ப் பார்த்தாள் ஷீபா. பொன்னமராவதிக்குள் ஒன்பது கிளினிக், ஒன்பதும் சந்துக்குள். நூறடிக்கு ஒரு தரம் நிற்க வேண்டும். வெளியே வந்தால் பாலம் வேலைக்குத் தோண்டிப் போட்ட சாலையில் ஏழு கிலோமீட்டர் முதல் கியரும் இரண்டாம் கியரும்தான். இந்தச் சாலையில் இந்தக் கார் பதினாறரை தருவதே பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பழனிச்சாமி நன்றாகத்தான் ஓட்டுகிறார். அவளைவிட நிதானமாகவே ஓட்டுகிறார்.

மறுநாள் நேரே ரகுநாத்தின் அறைக்குப் போனாள்.

"சார், என் ரோடு வேற, பழனிச்சாமியண்ணன் ரோடு வேற. அங்கிட்டு யார் ஓட்டுனாலும், நானே ஓட்டுனாலும், பதினேழத் தாண்டாது. நான் கூடப் போயிப் பாத்துட்டுத்தான் சொல்றேன். ரூட்டுக்கு ஒரு கணக்கு வைங்க."

"நீங்கதான் பதிமூண இருபத்திரண்டாக்குனீங்க," என்று அவர் சிரித்தார். "மொதல்ல எல்லாரும் முடியாதுன்னுதாம்மா சொல்லுவாங்க. நீங்களே இப்புடிப் பேசலாமா? ஒங்களத்தான் எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருக்கோம்."

"அப்ப நான் சொல்றதையும் கேளுங்க சார்."

"மேல பேசுறேன்," என்றார். குரலிலேயே பேச மாட்டார் என்று தெரிந்தது. ஷீபா விடுவதாக இல்லை. ஐந்து ரூட்டுக்கும் ஓடும் தூரம், நிற்கும் இடங்கள், சாலையின் நிலைமை எல்லாம் விவரமாக ஒரு தாளில் எழுதி, டிரைவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். கொடுத்து மூன்று வாரமாகியும் பதில் இல்லை. ஸ்டிக்கர்கள்தான் வந்தன. ஐந்து கார்களின் பின் கண்ணாடியிலும் ஆள் வைத்து ஒரே நாளில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது மாதத்தின் கடைசி வாரம். மதியம் பெட்டியை இறக்கிவிட்டு, லேபுக்கு வழக்கமான பங்க்கில் ஷீபா சீட்டைக் கொடுத்துக் காத்திருந்தாள். சாலையில் முந்நூறடி தூரத்தில் ஒரு வெள்ளைக் கார் ஓரமாக ஊர்ந்து வந்தது. டிரைவர் கதவு திறந்திருந்தது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளைக் கதவுச் சட்டத்தில் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தார் பழனிச்சாமி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஷீபா தன் காரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

"என்னண்ணே இது?"

"நேத்தே பெட்ரோல் முள்ளு கீழ வந்துருச்சு. கைக்காசப் போடாம இன்னைக்கு ஒரு நாள ஓட்டிரலாம்னு பாத்தேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "ஏசியக் கூடப் போடல தங்கச்சி. ஐஸ் வேற கரையுது. உள்ள அம்பது பேரு ரத்தம் இருக்கு."

"ஏறி உக்காருங்க. ஸ்டியரிங்க மட்டும் புடிங்க. நான் தள்ளுறேன்."

"நீ எப்புடித் தள்ளுவ?"

"ஏறுங்கண்ணே!"

அவர் ஏறினார். ஷீபா பின்னால் வந்து இரண்டு கைகளையும் டிக்கியில் ஊன்றி, குனிந்து, காலை மண்ணில் அழுத்தினாள். பிரேக் எங்கும் பிடிக்கவில்லை. டயர்களில் காற்றுச் சரியாக இருந்தது. அவள் சரிபார்த்த கார், முதல் தள்ளலிலேயே லேசாக உருண்டது.

அவள் நிமிர்ந்தாள். பின் கண்ணாடியில், ஒரு சாண் தூரத்தில், பொன்னாடை போர்த்திக்கொண்டு அவளே வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது: 'லிட்டருக்கு 22. என்னால் முடிகிறது. உங்களால்?'

பங்க்குக்கு இன்னும் இருநூறடி இருந்தது. ஷீபா அந்த முகத்தைப் பார்த்தபடியே தள்ளிக்கொண்டு போனாள்.