திலக் செஃப்தான் என்பதற்கு அத்தாட்சி

காலை பதினொன்றே கால். கடை திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு. அவசரமே இல்லாத தட்டு.

கடை முதலாளி மன்ரூபா குருங் எட்டிப் பார்த்தாள். சாம்பல் நிற மழைக்கோட்டு. கழுத்தில் அடையாள அட்டை.

"என் பேர் லாயிட். விசா அலுவலகத்துலேர்ந்து வர்றேன். முன்கூட்டி சொல்லாம வந்ததுக்கு மன்னிச்சுக்குங்க. அப்படி வர்றதுதான் எங்க வழக்கம்."

இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட்டில் இந்த மாதம் இப்படி விருந்தாளி வந்த மூன்றாவது நேபாளச் சாப்பாட்டுக் கடை இது. முதல் இரண்டில் ஒன்று மூடியாகிவிட்டது. இன்னொன்றில் சமையல்காரரைக் காட்மாண்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மன்ரூபா சமையலறைக் கதவைத் திறந்தாள். திலக் புன் மோமோக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தான்.

"வந்துட்டாங்கடா. உன்னைத் தனியா விசாரிக்கணுமாம்."

"ஆள் எப்படிக்கா? மோமோ சாப்பிடுற முகமா?"

"வாயை மூடிக்கிட்டு உண்மையைச் சொல்லு. அது போதும்."

"வாயை மூடிக்கிட்டு எப்படிக்கா சொல்றது?" சிரித்தபடியே கையைத் துடைத்துக்கொண்டான்.

திலக்கின் திறன் பணியாளர் விசா ஜூனில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் அவன் பார்ப்பது செஃப் வேலை என்று நிரூபிக்க வேண்டும். வெறும் குக் என்றால் ஆகாது. சொன்னதைச் சமைப்பவன் குக். என்ன சமைப்பது, எதை எங்கே வாங்குவது, யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பவன் செஃப். வந்த அதிகாரி அவனைக் குக் என்று எழுதிவிட்டால் அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டியதுதான். மனைவியும், இரண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூடம் போகிற மகள் இஷிகாவும் கூடவே கிளம்ப வேண்டும்.

மன்ரூபாவுக்கு உள்ளூர ஒரு தைரியம் இருந்தது. திலக் செஃப்தான். அதில் பொய்யே இல்லை. அவளுக்குப் பருப்பும் சோறும் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆறு வருஷமாக இந்தக் கடையின் ஒவ்வொரு தட்டும் அவன் மூளையில் பிறந்தது. அத்தாட்சிக்குக் கோப்பு ஒன்று தயார் செய்து வைத்திருந்தாள். மெனு அட்டைகள், சரக்குச் சீட்டுகள், வாராந்தர வேலைப் பட்டியல். ஒன்று விடாமல்.

லாயிட் சமையலறைக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. வட்டக் கண்ணாடி வழியே திலக்கின் முதுகு தெரிந்தது. பணிவாகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். பேசும்போது ஒரு தடவை சாப்பாட்டு அறைப் பக்கம் கையைக் காட்டினான். அவளை நோக்கி. மிகுந்த மரியாதையோடு.

அந்தக் கை காட்டல் மன்ரூபாவுக்குப் பிடிக்கவில்லை.

இருபது நிமிஷம் கழித்து லாயிட் வந்து எதிரே உட்கார்ந்தார். கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கம். இன்னொரு பக்கம். அவர் முகம் மாறவே இல்லை.

"மெனுவைத் தயார் பண்றது யாருங்க?"

"திலக்தான்."

"சரக்கு?"

"அதுவும் அவன்தான். நான் கல்லாவுல உட்காருவேன். அவ்வளவுதான்."

லாயிட் கோப்பை அவள் பக்கம் திருப்பினார். "ஒவ்வொரு சரக்குச் சீட்டுலயும் உங்க கையெழுத்து இருக்கு. வேலைப் பட்டியல்லயும் உங்க கையெழுத்து. மெனு மேல, 'மன்ரூபாவின் கைப்பக்குவம்'னு அச்சடிச்சிருக்கீங்க."

திலக்தான் ஒவ்வொரு சீட்டையும் எழுதிக் கொண்டுவந்து, முதலாளியம்மா கையெழுத்து இல்லாமல் சரக்கு வாங்கினால் நல்லாவா இருக்கும் என்று பேனாவை நீட்டுவான். மெனுவில் அவள் பேரைப் போடச் சொன்னதும் அவன்தான். ஓய்வுபெற்ற கூர்க்கா சிப்பாய்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து, 'மன்ரூபா கை பட்டா தனி ருசி' என்பார்கள். அவள் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.

"அது ஒரு மரியாதைங்க. எங்க ஆளுங்க அப்படித்தான். உண்மையில எனக்குச் சமைக்கவே தெரியாது."

"உங்க பணியாளர் வேற மாதிரி சொல்றார்." லாயிட் தன் குறிப்பேட்டை வாசித்தார். "'எல்லாம் அக்கா முடிவு. அக்கா சொல்றதை நான் செய்யறேன். எனக்குன்னு தனியா என்ன தெரியும்?'"

"பொய் சொல்றான்."

"தன் விசாவே போற மாதிரியா?" குரல் மென்மையாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "தனக்கு நஷ்டம் வர்ற மாதிரி ஒருத்தர் பேசினா நாங்க நம்புவோம். தனக்கு ஆள் வேணுங்கிறதுக்காக ஒருத்தர் பேசினா யோசிப்போம்."

"என்னை அடுப்படியில நிறுத்திப் பாருங்க. ஒரு மோமோ மடிக்கச் சொல்லுங்க. பிஞ்சு போகும்."

"வேணும்னே பிச்சா எனக்குத் தெரியவாங்க போகுது?"

அவர் கோப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். முடிவு பத்து வேலை நாளில் தபாலில் வரும் என்றார். கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

திலக் வெளியே வந்தான். முகத்தில் பரீட்சையை நன்றாக எழுதிய களை.

"உங்க பேருக்கு ஒரு குறையும் வைக்கலக்கா. முதலாளியை ஓரமா தள்ளிட்டு நானே எல்லாம்னு சொல்ற ஆளு நான் இல்லைன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கும். நல்லவன்னு எழுதுவார்ல?"

மன்ரூபா லாயிட் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னாள்.

திலக்கின் முகத்திலிருந்து களை மெல்ல வடிந்தது.

"ஓடிப் போய் மாத்திச் சொல்லுடா. வண்டி இன்னும் கிளம்பியிருக்காது."

அவன் கதவு வரை போனான். கைப்பிடியில் கை வைத்தான். திருகவில்லை.

"இப்பப் போய் சொன்னா, நீங்க சொல்லிக் கொடுத்து அனுப்பினதா நினைப்பார்க்கா. உங்களையும் பொய் சொன்னதா சேர்த்து எழுதிடுவார்."

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பினான்.

"இஷிகாவுக்கு இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல நாடகம்க்கா. மூணு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருந்தேன்."

"போயிட்டு வா," என்றாள் மன்ரூபா. "இதையாவது நீயே முடிவெடு. என்னைக் கேக்காதே."