பிரிண்டர் நின்ற மத்தியானம்

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பிரிண்டர். மத்தியானம் அது நின்றுபோனதும் முதலில் எழுந்து வந்தவள் கணக்குப் பிரிவு அக்கா. பேப்பர் சிக்கியிருப்பதாகச் சொல்லிச் சிவப்பு விளக்கு மினுக்கியது. தட்டை இழுத்துப் பார்த்தாள். காகிதம் ஒழுங்காகத்தான் இருந்தது. அணைத்துப் போட்டாள். கம்ப்யூட்டரில் வரிசைகட்டி நின்றவற்றை அழித்தும் பார்த்தாள். விளக்கு அசரவில்லை. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம்.

"தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று மேனேஜரம்மா வந்தாள். வேடிக்கை பார்த்த கூட்டம் கலைந்தது. அக்கா மட்டும் நின்றாள்.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்போது மேனேஜரம்மாவுக்குப் பெயர் நெட்டை. பழைய பிரிண்டர் ஓடினால் கர்ர் கர்ர் என்று காதைப் பிளக்கும். வீட்டுச் சண்டை, புருஷனின் குறட்டை எல்லாவற்றையும் அந்த இரைச்சலுக்குள்தான் பேசிக்கொள்வார்கள். ஒருநாள், "காலங்காத்தால இந்த மூஞ்சியப் பாத்தா நாளே வெளங்காது!" என்று மேனேஜரைப் பற்றி நெட்டை சொன்ன நேரம் பார்த்து பிரிண்டர் நின்றுவிட்டது. அறை முழுக்கக் கேட்டது. அப்போதைய மேனேஜர் தலைதூக்கிப் பார்த்தார்.

"பிரிண்டரத்தான் சார் திட்டறா" என்று அக்கா சமாளித்தாள்.

பிறகு நெட்டைக்குப் பதவி வந்தது. தனி அறை வந்தது. அக்காவின் வாயில் 'வாடி போடி' போய் 'மேடம்' வந்தது. சண்டை ஒன்றுமில்லை. பேச்சு தானாகத் தேய்ந்துவிட்டது.

இப்போது இருவரும் தரையில் மண்டியிட்டார்கள். மைப் பெட்டியைக் கழற்றி, பின்பக்க மூடியைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார்கள்.

"அதோ, உருளையில என்னமோ ஒட்டியிருக்கு மேடம்." அக்கா விரலை விட்டாள்.

"ஏய், வெடுக்குனு இழுக்காதடி! கிழிஞ்சு உள்ளயே நின்னுடும்."

பழைய 'டி' தானாக வந்துவிட்டது. அக்கா விரலை வெளியே எடுத்தாள்.

"அப்போ நீயே எடு" என்றாள்.

நகத்தால் நெம்பி நெம்பி எடுத்தாள் நெட்டை. விலாசம் அச்சடித்த ஸ்டிக்கர். சூட்டில் பசை இளகி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"இது தலைமை ஆபீஸ் விலாசமாச்சே. அங்க தபால் அனுப்பறது..."

"நாந்தான். ஸ்டிக்கர் தாள்ல பாதி மிச்சமிருந்துச்சு, வீணாப் போகுதேன்னு மறுபடி பிரிண்டர்ல போட்டேன். வெளிய சொல்லிடாதடி, மானம் போயிடும்!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நெட்டைக்கும் தொற்றிக்கொண்டது. மூடியைப் பூட்டிச் சுவிட்சைப் போட்டதும் விளக்கு பச்சையானது. ஆளாளுக்கு மறுபடி அனுப்பிய தாள்கள் சூடாக வந்து விழுந்தன.

கை கழுவும்போது நெட்டை கேட்டாள். "சாயங்காலம் பஸ்லதான போற? நானும் வரேன். வண்டி வேணாம்னு சொல்லிடறேன்."

பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குச் சண்டை வந்தது; அக்காதான் ஜெயித்தாள். பாதி வழியில் நெட்டையின் குரல் இறங்கியது. "பொண்ணு வெளியூர்ல படிக்கப் போயிட்டா. அவருக்கு எந்நேரமும் டிவிதான். வீட்ல வாயத் தொறக்கவே மறந்துபோச்சுடி."

"ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ மேடம் மேடம்னு நின்னா எப்படிச் சொல்றது?"

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளும் ஆட்கள் முன்னால் 'மேடம்'தான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா நெட்டை வீட்டுக்குப் போனாள். அடுத்த ஞாயிறு நெட்டை வந்தாள், மகள் எடுத்த புகைப்படங்களைக் காட்டுவதற்காக.