எழுந்து நிற்க வேண்டிய நேரம்

வானொலியில் போர்ச் செய்தி வந்தால் சாப்பாட்டுக் கடையில் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். தலைவரின் ஆட்சியில் அதுதான் முறை. வாயில் சோளக்களி இருந்தாலும் சரி, இடுப்பில் பிடிப்பு இருந்தாலும் சரி, மதியம் ஒரு மணிக்கு இத்தாலி முழுவதும் நிமிர்ந்து நின்றாக வேண்டும்.

எர்சிலியாவின் கடையில் மட்டும் ஒருவன் உட்கார்ந்தே இருப்பான். அவள் புருஷன் அமில்கரே. தலைவர் அல்பேனிய மலைப் போருக்கு அனுப்பிவைத்ததில் அவன் கால்கள் இரண்டும் பனியில் அழுகி, முழங்காலோடு வெட்டியெடுக்கப்பட்டிருந்தன. ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் கேட்பதில்லை. ஆனால் தலைவரின் கட்சிக்கு ஊரில் புதுச் செயலாளர் வந்திருந்தான், பொன்ஃபாத்தி என்று பெயர். இன்று அவன் சாப்பிட வருகிறான். எர்சிலியாவின் பயமெல்லாம் புருஷனின் வாயை நினைத்துத்தான். தலைவரின் தாடையைக் கேலி செய்த செருப்புத் தைப்பவரைப் போன மாதம்தான் தீவுச் சிறைக்கு அனுப்பியிருந்தார்கள்.

"ஒரு மணிக்கு மட்டும் அடுப்படியில இருங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏண்டி, என் கடையில நான் ஒளிஞ்சுக்கணுமா?"

"அப்ப வாயையாவது மூடிக்கிட்டு இருங்க. பிள்ளைமேல சத்தியம் பண்ணுங்க."

முணுமுணுத்துக்கொண்டே சத்தியம் செய்தான்.

மணி ஒன்று. வானொலியில் போர்ச் செய்தி தொடங்கியது. நாற்காலிகள் கிரீச்சிட்டன. எல்லோரும் எழுந்தார்கள்.

"யோவ், உனக்குத் தனியாச் சொல்லணுமா? எந்திரி!" என்று அமில்கரேயை அதட்டினான் சாப்பிட வந்திருந்த பொன்ஃபாத்தி.

"ஐயா, அவருக்குக் கால் இல்லீங்க. போர்ல போயிடுச்சு," என்று எர்சிலியா ஓடிவந்தாள்.

பொன்ஃபாத்தி குனிந்து மேசைக்கடியில் பார்த்தான். இனி விட்டுவிடுவான் என்று அவளுக்கு மூச்சு வந்தது. அவனோ முகம் மலர்ந்து, "அட, வீரன்! வீரன் உக்காந்திருக்கலாமா?" என்று பக்கத்து மேசைத் தபால்காரரைக் கூப்பிட்டான். இருவரும் ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்து அமில்கரேயைத் தூக்கி நிறுத்தினார்கள். நிறுத்த என்ன இருக்கிறது? மடித்துத் தைத்த காற்சட்டை நுனிகள் அந்தரத்தில் ஆடின. தபால்காரர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

நம் படைகள் முன்பே வகுத்த இடங்களுக்குத் திரும்புகின்றன என்றது வானொலி. தோற்றுப் பின்வாங்குவதற்கு அது வைத்திருந்த பெயர். அமில்கரே சத்தியத்தைக் காப்பாற்றினான். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் மனுஷன், கறிக்கடை ஆடுபோல் தொங்கிக்கொண்டிருந்தான். பேசித் தொலைத்திருக்கலாமே என்று எர்சிலியாவுக்கு ஆத்திரம் பொங்கியது. யார்மேல்? சத்தியம் வாங்கிய தன்மேல்தான்.

நேராகப் போய் வானொலியை அணைத்தாள்.

"என்னடி பண்ற?" பொன்ஃபாத்தி கத்தினான்.

"முதல்ல அவரை உக்கார வைங்க. அப்புறம் என்னை எங்க அனுப்பணுமோ அனுப்புங்க."

உத்தரவுக்குக் காத்திராமல் தபால்காரர் அமில்கரேயை நாற்காலியில் இறக்கினார். எர்சிலியா தன் குளிர் மேலங்கியை எடுக்க உள்ளே போனாள்.